ஒரே வெயில், ஆளுக்கொரு உடம்பு

கரூர் பரமத்திப் பக்கத்திலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதற்கு மேல் சொல்லவில்லை. நீளமான கடிதம், சாரம் இதுதான்.

வீட்டுக்காரருக்கு 42 வயது, இருபது வருடமாகச் சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுப்பது. போன சித்திரையில் காலில் அடிபட்டு மூன்று வாரம் வீட்டோடு இருந்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போன இரண்டாம் நாள் மத்தியானம், மாடியில் பலகை அடித்துக்கொண்டிருந்தவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறார். பக்கத்தில் நின்றவரைக் காரணமே இல்லாமல் திட்டினாராம், நடை தள்ளாடியதாம், அப்புறம் விழுந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. "வியர்க்குது பாரு, வெயில் தாக்கியிருந்தா வியர்க்காது, இது வெறும் தலைசுற்றல்" என்று கூட இருந்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். உடம்பு கொதிக்கிறதே என்று காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒருவர் குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வர, "சூடான உடம்புல பச்சைத் தண்ணிய ஊத்துனா ஜன்னி கண்டுரும்" என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி. நான்கு நாள் கழித்துப் பிழைத்து வந்தார், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் அடிபட்டால் ஏறுவது) ஏறி, பிறகு இயல்புக்கு இறங்கியது, ஆனால் இப்போது சீக்கிரமே சோர்ந்துவிடுகிறார்.

அவர் பிறவியிலேயே சூட்டு உடம்பு என்று ஊரில் சொல்கிறார்கள், உண்மையா? இனி இந்த வேலைக்குப் போகலாமா? 68 வயது மாமியார் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், ஷீட் வீட்டில்தான் படுக்கிறார், "எனக்கு வேர்வையே வராது, குளிர்ச்சியான உடம்பு" என்கிறார், அது நல்லதுதானா? இரண்டு ஜெர்சி கலப்பு மாடும் வெயிலில் பாலைக் குறைத்துவிட்டன, பக்கத்து வீட்டு எருமையும் நாட்டு மாடும் மட்டும் அப்படியே இருக்கின்றன, ஏன்? பொமரேனியன் நாய்க்கு முடியை மழித்துவிடலாமா என்று பையன் கேட்கிறான். கடைசியாக, "வெயிலுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார், அது நியாயமா? இவ்வளவுதான் கேள்விகள்.

அம்மா, மனிதர், மாடு, நாய் என்று நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: உடம்புக்குள் உண்டாகிற சூடு எந்த வழியாக வெளியே போகிறது? அந்த வழி ஒவ்வொரு உயிருக்கும் வேறு. நாம் செய்கிற உதவி அந்த வழியைத் திறந்துவிட வேண்டும். பல நேரம் நல்லெண்ணத்தோடு அதை அடைத்துவிடுகிறோம்.

முதலில் அந்தச் சூட்டு உடம்பு விஷயம். உங்கள் வீட்டுக்காரருக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாருக்கும் இருப்பதுதான் இருக்கும், ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். அதிகாலையில் அரை டிகிரி குறைவாகவும் சாயங்காலம் அரை டிகிரி கூடவும் காட்டும், எல்லாருக்கும் அப்படித்தான். கொடைக்கானல் பனியில் நின்றாலும் பரமத்தி வெயிலில் நின்றாலும் உள்சூட்டை இந்தச் சின்ன எல்லைக்குள் வைத்திருப்பதுதான் மூளையின் அடியில் இருக்கிற ஹைபோதலாமஸ் என்கிற சிறு பகுதியின் முக்கிய வேலைகளில் ஒன்று. வயிறு எரிவது, கண் எரிவது, கட்டி வருவது இதையெல்லாம் நாம் சூடு என்று சொல்கிறோம், சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் அவர் விழுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "அவன் உடம்பு அப்படி" என்று சொல்லிவிட்டால் வேலையிடத்தில் நடந்த தப்பு மறைந்துபோகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நடந்தது என்ன? சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளே 80 முதல் 100 வாட் வரை சூட்டை உண்டாக்குகிறார். பலகை தூக்கி முட்டுக் கொடுத்து ஆணி அடிக்கிறவரிடம் 400 வாட் வரைக்கும் போகலாம், ஏனென்றால் தசை செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி, முக்கால் பங்குக்கு மேல், வேலையாக மாறாமல் சூடாகத்தான் மாறுகிறது. காற்று குளிர்ந்திருந்தால் இந்தச் சூடு தோல் வழியாகத் தானாகவே வெளியே போய்விடும். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வெளியே 40 டிகிரி இருக்கும்போது சூடு உள்ளிருந்து வெளியே போகாது, வெளியிலிருந்துதான் உள்ளே வரும். அந்த நேரத்தில் நமக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வழி, வியர்வை ஆவியாகிப் போவது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியேதான்: பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூடு போகும். 400 வாட் உழைப்பின் சூட்டை மட்டும் வெளியேற்ற மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை வேண்டும், தலைக்கு மேல் சூரியனும் காலுக்குக் கீழ் சுடுகிற தளமும் சேர்ந்தால் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். கவனியுங்கள், ஆவியாக வேண்டும். தரையில் சொட்டுகிற வியர்வை உப்பையும் தண்ணீரையும் வீணடிக்கிறதே தவிர உடம்பைக் குளிர்விப்பதில்லை. சென்னையின் 36 டிகிரி கரூரின் 40ஐவிடத் தாங்க முடியாமல் இருப்பது இதனால்தான், கடற்கரைக் காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் வியர்வையை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இதை 1774லேயே லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்கிற மருத்துவரும் அவர் நண்பர்களும் சோதித்துப் பார்த்தார்கள். கொதிக்கிற தண்ணீரைவிட அதிகமாகச் சூடேற்றிய வறண்ட அறைக்குள் போய்ச் சில நிமிடங்கள் நின்றார்கள். கூடவே கொண்டுபோன முட்டையும் மாட்டிறைச்சியும் வெந்தேவிட்டன, ஆட்களின் உடம்புச் சூடோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாயையும் கூடையில் வைத்து, கால் சுடாமல், கொண்டுபோனார்கள், அதுவும் தப்பித்தது. உயிருள்ள உடம்புக்கும் இறைச்சிக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அறை வறண்டிருந்தது, அவர்கள் அங்கே பலகை அடிக்கவும் இல்லை.

சரி, அதே இடத்தில் வேலை பார்த்த மற்றவர்கள் விழவில்லையே, இவர் மட்டும் ஏன்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மூன்று வாரம் வீட்டில் இருந்தார், திரும்பிப் போன இரண்டாம் நாள். வெயிலில் தினமும் வேலை செய்கிற உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடுகிறது: வியர்வை சீக்கிரமே ஆரம்பிக்கிறது, அதிகமாக வருகிறது, அதில் உப்பு குறைவாகப் போகிறது, ரத்தத்தின் அளவு கூடுவதால் இதயத்துக்கும் பாரம் குறைகிறது. இந்தப் பழக்கம் நிரந்தரமானதில்லை. வெயிலை விட்டு விலகினால் சில வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். இருபது வருடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவர் என்பது அனுபவம், அது கைக்கு இருக்கும், வியர்வைச் சுரப்பிக்கு இருக்காது. உலகம் முழுக்க வெயிலில் வேலையிடத்தில் சாகிறவர்களில் நிறையப் பேர் முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள்.

காய்ச்சல் வேறு, இது வேறு

காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்களே, அது சரியா? இல்லை, ஆனால் யாரையும் திட்டாதீர்கள், படித்தவர்களே இதைச் செய்கிறார்கள். காய்ச்சலில் கிருமியோடு சண்டை போடுவதற்காக மூளையே சூட்டின் இலக்கை 37லிருந்து 39க்கு ஏற்றி வைக்கிறது. அதனால்தான் உடம்பு சுடும்போதே குளிர் எடுக்கிறது, போர்வை கேட்கிறோம், நடுங்கிச் சூட்டைக் கூட்டுகிறோம். பாராசிட்டமால் அந்த இலக்கைக் கீழே இறக்கும். வெயில் தாக்கும்போது இலக்கு மாறவே இல்லை. மூளை 37தான் வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறது, உடம்பால் முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே மாத்திரைக்கு வேலை இல்லை. சும்மா வீண் என்று விட்டுவிடவும் முடியாது, ஏற்கெனவே சூட்டில் அடிபட்டிருக்கிற கல்லீரலுக்கு அது இன்னொரு சுமை.

வியர்த்தால் வெயில் தாக்கவில்லை என்பதும் தப்பு. வயதானவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் சூடு ஏறும்போது தோல் பெரும்பாலும் காய்ந்திருக்கும். உழைக்கிறவருக்கு அப்படியில்லை, சட்டை நனைந்திருக்கும்போதே உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். பார்க்க வேண்டியது வியர்வையை இல்லை, புத்தியை. வெயிலில் இருக்கிற ஒருவர் உளறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வெயில் தாக்கம் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரைத் திட்டினார் பாருங்கள், அதுதான் மணி அடித்த நேரம்.

முதலில் குளிர வை, அப்புறம் வண்டியில் ஏற்று

மேஸ்திரி சொன்ன ஜன்னிக் கதையை நம்பியதில்தான் அந்த முக்கால் மணி நேரம் போயிற்று. உண்மை நேர் எதிரானது. மூளையும் சிறுநீரகமும் கல்லீரலும் எவ்வளவு பாதிக்கப்படும் என்பது எவ்வளவு உயரச் சூடு ஏறியது என்பதைவிட எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் கிடந்தார் என்பதைப் பொறுத்தது. முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் முழுசாகத் தேறிவிடுவார்கள். உழைக்கும்போது விழுகிற இளவயது ஆட்களை, ஓட்டப் பந்தயக்காரர்களையும் ராணுவத்தினரையும், பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியிலேயே கழுத்து வரைக்கும் இறக்குகிறார்கள், அதுதான் இருப்பதிலேயே வேகமான சிகிச்சை.

உங்கள் வீட்டுக்காரர் வேலை செய்கிற இடத்தில் சிமென்ட் தொட்டியோ டிரம்மோ கட்டாயம் இருக்கும். நிழலுக்கு இழுத்துப்போட்டு, சட்டையைக் கழற்றி, ஒருவர் 108க்குப் பேசிக்கொண்டிருக்க மற்றவர்கள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், நிறுத்தாமல். தண்ணீர் குறைவாக இருந்தால் துணியை நனைத்து உடம்பு முழுக்கப் போட்டு, அட்டையாலோ துண்டாலோ வேகமாக விசிறுங்கள், துணி சூடேறினால் மாற்றுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சோடாவும் வேண்டாம், மோரும் வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். புத்தி தெளிந்து பேச ஆரம்பித்தால் குளிரவைப்பதை நிறுத்தலாம், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தக் கூடாது, ஏனென்றால் சிறுநீரகமும் கல்லீரலும் அடிபட்டது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

மறுபடி வேலைக்குப் போகலாமா?

போகலாம், நிபந்தனையோடு. ஒருமுறை வெயில் தாக்கியவருக்குப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட, மறுபடி தாக்குகிற ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஒரு வருடம் ஆகப்போகிறது, ரத்தப் பரிசோதனை இயல்பாக இருக்கிறது என்பதால் அவரை நிரந்தரமாக வீட்டில் உட்காரவைக்க வேண்டியதில்லை, அது உங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவும் ஆகாது. சீக்கிரமே சோர்ந்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் வெயில் தலையில் கட்டிவிடாமல் ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். இடைவெளி விட்டு வேலைக்குத் திரும்புகிற அனுபவசாலிக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு: முதல் நாள் வழக்கத்தில் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள்தான் முழு வேலை. இவர் ஏற்கெனவே விழுந்தவர், அதனால் நான்கு நாளை ஒரு வாரம், பத்து நாள் என்று நீட்டிக்கொள்ளச் சொல்லுவேன். ஊர்த் திருவிழா, காய்ச்சல் என்று எப்போது ஒரு வாரத்துக்கு மேல் வேலையை விட்டாலும், கோடையாக இருந்தால், இந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

தண்ணீர், தாகம் எடுக்கும் முன்பே, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் சும்மா இருப்பது உதவாது. வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துபோகும், அதனால் உப்புப் போட்ட நீர்மோர், நீச்சத் தண்ணி, ஓ.ஆர்.எஸ். என்று இடையிடையே சேர்க்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கடையில் வாங்கும்போது ஒரு லிட்டருக்கானதா 200 மில்லிக்கானதா என்று பார்த்துக் கரையுங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். வேலை முடிந்து உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறாரா? சாயங்காலம் குவார்ட்டர் பழக்கம் உண்டா? தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். மத்திய அமெரிக்காவில், நிகராகுவாவிலும் எல் சால்வடாரிலும், கரும்பு வெட்டுகிற இளவயது ஆண்கள், சர்க்கரையும் இல்லை பிரஷரும் இல்லை, ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோயிருக்கிறார்கள். வெயிலில் கடும் உழைப்பும் திரும்பத் திரும்ப உடம்பு வற்றுவதும் முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்படுகின்றன. அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்த தோட்டங்களில் பாதிப்பு குறைந்தது. உங்கள் வீட்டுக்காரருக்குக் கிரியாட்டினின் ஒருமுறை ஏறி இறங்கியிருக்கிறது, அதனால் இதை நான் லேசாக விடமாட்டேன்.

மாமியாரின் வியர்க்காத உடம்பு

அது குளிர்ச்சி இல்லை அம்மா, ஆபத்து. வயதாக வயதாக வியர்வை குறையும், தாக உணர்வும் மங்கும், தோலுக்கு ரத்தத்தை அனுப்ப இதயத்துக்குத் தெம்பும் குறையும். கடும் சூட்டில் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் ரத்தம் வரைக்கும் இளவயதுக்காரரின் தோலுக்கு ஓடும், 68 வயது இதயத்திடம் அதைக் கேட்க முடியாது. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கிற மாத்திரை இருந்தால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் போகும், நாடித்துடிப்பைக் குறைக்கிற வகையாக இருந்தால் இதயம் வேகம் எடுக்காது. சிறுநீர் அடக்க முடியாமைக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் வியர்வையையே நிறுத்திவிடும். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வெயிலைவிட வேகமாகக் கெடுக்கும். மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, பங்குனி முடிவதற்குள், டாக்டரிடம் எடுத்துப்போய்க் கோடைக்கு அளவு மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்றும் கேளுங்கள், இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் தண்ணீருக்கும் இளநீருக்கும் எல்லை உண்டு.

ஷீட் வீட்டுக்கு ஃபேன் மட்டும் போதாது. அறைக் காற்று 40 டிகிரியைத் தொட்டுவிட்டால், வியர்க்காதவர் மேல் ஃபேன் சூட்டைத்தான் அள்ளிப் போடும். அவருக்கு வராத வியர்வையை நீங்கள் கொடுங்கள்: கை, கால், கழுத்து, முதுகில் ஈரத்துண்டு, அதன் மேல் ஃபேன் காற்று. இது மட்டுமே பெரிய வித்தியாசம் காட்டும். கூரைக்கு மேல் தென்னங்கீற்று பரப்புங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரமாவது பக்கத்து ஓட்டு வீட்டிலோ வேப்பமரத்தடியிலோ அவரை உட்காரவையுங்கள். கௌரவம் பார்ப்பார், பேரனைக் கூட அனுப்பினால் போவார்.

மாடு, எருமை, நாய்

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன், கால்நடைக்கு முடிவாகச் சொல்ல வேண்டியது உங்கள் ஊர் கால்நடை மருத்துவர்தான். அடிப்படையை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்சி என்பது இங்கிலீஷ் கால்வாயில் இருக்கிற குளிர்ச்சியான ஒரு தீவு, அந்த மாட்டின் பூர்வீகம் அங்கேதான். நம் காங்கேயம் மாதிரியான திமில் வைத்த மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன, முடி குட்டை, கழுத்தில் தொங்குகிற அலைதாடி தோலின் பரப்பைக் கூட்டுகிறது, உடம்புக்குள் உண்டாகிற சூடும் குறைவு. அதிகப் பால் கறக்கிற மாட்டுக்கு அதிகத் தீனி, அதிகத் தீனி என்றால் வயிற்றுக்குள் நொதிக்கிற சூடும் அதிகம். ஆகவே வெயிலில் அது தீனியைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது, பால் குறைகிறது. மாடு உங்களை ஏமாற்றவில்லை, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. தீனியில் பெரும்பகுதியை விடிகாலையிலும் சூரியன் இறங்கிய பிறகும் கொடுங்கள். தண்ணீர் எந்நேரமும் தொட்டியில், அந்தத் தொட்டி நிழலில். முதுகில் தண்ணீர் ஊற்றினால் காற்றும் ஓட வேண்டும், மூடிய கொட்டகையில் ஊற்றிவிட்டு விட்டால் ஈரப்பதம் கூடி நிலைமை மோசமாகும். மாட்டின் இயல்பான சூடு சுமார் 38.5 டிகிரி. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் வழிய மூச்சு வாங்கினால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 1962க்குக் கூப்பிடுங்கள், அது கால்நடை ஆம்புலன்ஸ்.

எருமை வெயிலைத் தாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. கறுப்புத் தோல், மாட்டைவிட மிகக் குறைவான வியர்வைச் சுரப்பிகள், வெயிலில் மாட்டைவிட அதுதான் சீக்கிரம் தவிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் குட்டையில் இறக்கிவிடுகிறாரா என்று பாருங்கள், நிச்சயம் இறக்கிவிடுவார். தண்ணீரும் சேறும்தான் எருமைக்கு வியர்வை. குட்டை வற்றிய வருடத்தில் அந்த எருமையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாய்க்கு உள்ளங்காலில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைப்புதான் அதன் வழி, நாக்கிலும் மூக்கின் உட்பக்கத்திலும் இருக்கிற ஈரம் ஆவியாகிக் குளிர்கிறது. பொமரேனியனுக்கு இரண்டடுக்கு முடி, மழித்தால் தோல் நேராக வெயிலில் வேகும், முடி திரும்ப ஒழுங்காக வளராமலும் போகலாம். மழிக்காமல் தினமும் சீவி உள்முடியை எடுத்துவிடச் சொல்லுங்கள், பையனுக்கு அது நல்ல வேலை. காலை ஏழு மணிக்கு மேல் தார் ரோட்டில் நடத்த வேண்டாம், புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும். மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, கால் பின்னினால் ஈரத்தரையில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் மனிதர் சாப்பிடும் பாராசிட்டமாலைக் கொடுக்கவே கூடாது, பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். கோழி இருந்தால், அதற்கு வியர்வையே கிடையாது. வாயைப் பிளந்து, தொண்டையைப் படபடவென்று துடிக்கவிட்டு, சிறகைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும், அந்த நேரம் துரத்திப் பிடிக்க வேண்டாம்.

மேஸ்திரி சொன்னது

வேலி ஓணானுக்கு வியர்வையும் இல்லை, இரைப்பும் பெரிதாக உதவாது. உள்ளிருந்து சூட்டை உண்டாக்கிச் சமாளிக்கிற ஏற்பாடும் அதற்குக் கிடையாது. காலையில் வெயில் காயும், சூடு அதிகமானால் நிழலுக்கு ஓடும், அவ்வளவுதான் அதன் வித்தை. உண்மையில் எல்லா உயிருக்கும் அதுதான் முதல் வழி, வியர்வை அதற்கு அடுத்ததுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு இல்லாமல்போனது அந்த உரிமைதான், நினைத்தபோது நிழலுக்குப் போவது. அதனால் "வெயிலுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்பது பதிலாகாது. வெயிலை அவர் மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றலாம். காலை ஆறு முதல் பதினொன்று, மறுபடி மூன்றரைக்கு மேல் என்று கோடையில் வேலை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கான்கிரீட் போடுகிற நாள் மட்டும் கஷ்டம்.

வேலையிடத்தில் குடிநீர் கொடுப்பது வேலை கொடுப்பவரின் சட்டக் கடமை. வேலையின் காரணமாக வேலை நேரத்தில் வரும் வெயில் தாக்கத்துக்கு இழப்பீடு கேட்க இடமுண்டு, ஆனால் அதற்கு அத்தாட்சி வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், வெயில் தாக்கம் என்று எழுதியிருக்கிறதா? வெறும் மயக்கம் என்று இருந்தால் உங்கள் கேஸ் பலவீனம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா, புதுப்பித்திருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். 2024ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதைச் சொல்ல மனம் வரவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

சட்டப்படி போவதா, பேசித் தீர்ப்பதா? இதில் நான் வக்கீல் இல்லை, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ஆனால் ஒன்று தெரிகிறது. அவர் ஒருவராகப் போய் மேஸ்திரியிடம் கேட்டால் அடுத்த சைட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். அன்றைக்கு அங்கே இருந்த நாலைந்து பேரும் சேர்ந்து, தார்ப்பாய் நிழல், ஒரு டிரம் தண்ணீர், மத்தியான இடைவெளி என்று மூன்றை மட்டும் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும், ஏனென்றால் ஆள் விழுந்தால் வேலை நிற்கிறது, போலீஸ் வருகிறது, அது மேஸ்திரிக்கும் தெரியும். இழப்பீட்டுக் கதையை அதோடு கலக்காதீர்கள், இரண்டும் தனித்தனி.

அடுத்த கோடை வருவதற்குள் போன வருட ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், கிரியாட்டினினோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேலை பற்றி நான் மேலே சொன்னது அதைப் பொறுத்து மாறலாம்.